அணி மாறும் வீடுகள்

ஆடி பிறந்துவிட்டால் கருங்கல்மேட்டில் யாரும் வாசலில் செருப்பை விடமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் படியோரம் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் வீட்டுக்காரர்களே குனிந்து எடுத்துப்போய் உள்மூலையில் வைப்பார்கள், ஏனென்றால் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு தூக்கம் போட்டு வெளியே வரும்போது வீடு அதே தெருவில்தான் இருக்கும் என்பதற்கு ஆடியில் எந்த உத்தரவாதமும் கிடையாது, வீடு போகும்போது அஸ்திவாரத்துக்கு உட்பட்டது மட்டும்தான் கூடப் போகும், வெளியே கிடக்கும் செருப்பும் சைக்கிளும் கோலமும் பழைய தெருவிலேயே அநாதையாகக் கிடக்கும். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போக வந்த பெருந்துறைக்காரர் ஒருவர் இப்படித்தான் விருந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்து, எழுந்து வெளியே வந்து, தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் சம்பந்தி, எம்பொண்ண நான் மேட்டுத்தெருவுலதானுங்க குடுத்தேன்?" என்று கேட்டார். சம்பந்தி ஏப்பம் விட்டபடி, "ஆமாங்க, பையன் காலைலதான் ரயில்வே கேட் டீமுக்கு மாறுனான், செருப்ப எடுத்துட்டு வரச் சொல்றேன், உக்காருங்க" என்றார்.

எங்கள் ஊர் லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர். பட்டறைக்குப் பட்டறை பழைய லாரி சீட்டுகள் மழையில் நனைந்து கிடந்ததும், ஊருக்கு இன்டர்நெட் வந்ததும், யாரோ ஒருவன் கம்ப்யூட்டரில் ஓட்டும் கார் பந்தயத்துக்கான ஸ்டீயரிங்கையும் பெடலையும் வாங்கி வந்து அந்த சீட்டுக்கு முன்னால் இரும்புச் சட்டம் அடித்து வெல்டிங் வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன, அதன் பிறகு தெருவுக்கு ஓர் அணி உண்டாயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, திரையில் தெரியும் சாலையில், கண்காணாத ஊர்க்காரர்களோடு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள். பந்தயப் பருவம் ஆவணியில் தொடங்கும். அதற்கு முந்தைய ஆடியில்தான் யார் எந்த அணியை விட்டு எந்த அணிக்குப் போகலாம் என்ற கதவு திறந்திருக்கும், லீக்கின் இணையப் பக்கத்தில் அணியின் பெயரைத் தொட்டு 'சேர்' என்று அழுத்தினால் போதும்.

முதன்முதலில் மேட்டுத்தெருவை விட்டு ரயில்வே கேட் அணிக்கு மாறியவன் பாலமுரளி. அவன் அழுத்திய அன்று மத்தியானம் ஊரே சோற்று மயக்கத்தில் கண்ணயர்ந்து எழுந்தபோது அவன் வீடு ரயில்வே கேட் தெருவின் கடைசி வீடாக நின்றது, மொட்டை மாடியில் அவன் அம்மா காயவைத்த கூழ்வற்றல் ஒன்றுகூடச் சிதறாமல் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம், சுற்றி வந்தோம், சுவரைத் தட்டினோம், நல்லாத்தான் இருக்குது என்று சொல்லி மோர் குடித்துவிட்டு வந்தோம். ஆடியில் குடி மாறலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஜோசியர் அர்த்தநாரி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "மனுசன் சட்டி பானையத் தூக்கிட்டுக் கெளம்பறதத்தான் ஆடியில கூடாதுன்னாங்க. வீடு அதும்பாட்டுக்குப் போறதுக்கு எந்தப் பஞ்சாங்கத்துலயும் தடை இல்ல" என்றார், விவகாரம் அத்தோடு முடிந்தது. பால்காரர் காலையில் பால் ஊற்றும்போதே "இன்னைக்கு மாறுற ஐடியா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்கப் பழகிக்கொண்டார், தபால்காரர் முகவரியைப் பார்ப்பதை விட்டு அணிகளின் செய்தியைப் படிக்கத் தொடங்கினார், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டிகளில் வடக்கே போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் ஆண்கள் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் டீக்கடையில், "எங்கூடு இப்ப எங்கீங்க இருக்குது?" என்று வெட்கப்படாமல் விசாரித்துவிட்டு நடந்தார்கள். வீடு வந்து சேர்ந்த தெருவில் அக்கம்பக்கத்தார் உப்பும் மஞ்சளும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வருவது வழக்கமாயிற்று. வீடு போன இடத்தில் மிளகாய் காயவைத்தோம்.

ஒரே ஒரு சிக்கல்தான் தீரவில்லை, அது பொதுச்சுவர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று கிளம்பினால் நடுச்சுவர் கிளம்பும் வீட்டோடு போய்விடும். மாரப்பனின் தம்பி அப்படித்தான் அணி மாறிப்போக, மாரப்பன் வீடு கதவில்லாத அலமாரிபோல ஒரு பக்கம் திறந்துகொண்டு நின்றது. அவர் சாப்பிடும்போது தெருவில் போகிறவர்கள் "இன்னைக்கு ரசமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மனுசன் தார்ப்பாய் கட்டி மழைக்காலத்தைத் தள்ளினார், தம்பியோடு பேச்சுவார்த்தை இன்றுவரை இல்லை.

அதனால்தான் சுகந்திக்குச் சந்தைத்தெருவிலிருந்து அழைப்பு வந்தபோது எங்கள் மேட்டுத்தெருவுக்கே சோறு இறங்காமல் போயிற்று.

சுகந்தி முட்டைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அப்பா ரங்கசாமியோடு இருந்தாள், எங்கள் மேட்டுத்தெரு மின்னல் அணியின் இரண்டாவது ஓட்டுநர். முதல் ஓட்டுநர் கௌசிக். அணியின் தலைவர் சென்னியப்பன் கூண்டுப் பட்டறை முதலாளி, கௌசிக்குக்குத் தாய்மாமன், அக்கா மகனை வளர்த்து அவன் வீட்டிலேயே இருப்பவர். சென்னியப்பன் நல்ல மனுசன், யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் முதலில் வண்டி எடுப்பவர் அவர்தான், ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் அவருக்கு அக்கா மகனைத் தவிர ஊரில் வேறு யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். எப்போதெல்லாம் சுகந்தி முன்னாலும் கௌசிக் பின்னாலும் வந்தார்களோ அப்போதெல்லாம் அவர் மைக்கில், "சுகந்தி, வழி உடு கண்ணு" என்பார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓரம் கட்டுவாள், கௌசிக் போவான். போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் அவள் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தாள், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது, அப்போதும் அந்தக் குரல் வந்தது. அவள் ஒதுங்கினாள். பிறகு ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள், அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, கேட்காததுபோல இருந்துவிட்டோம்.

அவள் வீட்டோடு ஒட்டிய வீடு பர்வீனுடையது. பர்வீன் தையல்காரி, கணவர் இப்ராஹிம் ரிக் வண்டியோடு ஒடிசா பக்கம். இருவருக்கும் நடுவே உள்ள பொதுச்சுவரில் எப்போதோ ஒரு செங்கல்லை எடுத்துவிட்டிருந்தார்கள், அந்தப் பொந்து வழியாகக் குழம்புக் கிண்ணமும் நூல்கண்டும் ஊர்வம்பும் போய்வந்தன, பந்தய நேரத்தில் பர்வீனின் குரலும் போய்வந்தது. எவ்வளவு பெட்ரோல் மிச்சம், எந்தச் சுற்றில் டயர் மாற்றுவது, பின்னால் வருகிறவன் எந்த வளைவில் தடுமாறுகிறான் என்பதையெல்லாம் அவள் தன் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கண்காணாத ஊர்க்காரர்களுக்கு இந்தச் சேதி காதுக்கருவியில் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும், சுகந்திக்கோ பொந்து வழியாக அப்போதைக்கப்போதே வந்துவிடும். இந்தப் பொந்துதான் எங்கள் அணியின் இரகசியம் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தோம்.

சந்தைத்தெரு அணியின் தலைவி ருக்குமணி, டயர்க் கடைக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாதவள். கடைவாசலில் சுகந்தியை மறித்து, "எங்க டீமுக்கு வா அம்மிணி. ஒன்னைய யாருக்கும் வழி உடச் சொல்லமாட்டேன். எம்புருசனே பின்னால வந்தாலும் சொல்லமாட்டேன்" என்றாள்.

சுகந்திக்கு அன்று முழுக்க மனசு கிடந்து குதித்தது. ஒரே ஒரு பருவமாவது யாருக்கும் ஒதுங்காமல் ஓட்ட வேண்டும், அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். ஆனால் பட்டனை அழுத்தினால் வீடு போகும், வீடு போனால் சுவர் போகும், சுவர் போனால் பர்வீன் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து துணி தைக்க வேண்டும். அவள் கொத்தனாரைக் கேட்டாள், அவர் சுவரை நூல் பிடித்துப் பார்த்து, இன்னொரு சுவர் எழுப்ப இடமில்லை, இதைப் பாதியாகப் பிளந்தால் இரண்டு வீடும் விழும் என்றார். ஜோசியரைக் கேட்டாள், அவர் வெற்றிலை போட்டார். அப்பாவைக் கேட்டாள், "எனக்கு ராத்திரி தூங்கறதுக்கு ஒரு கட்டல் இருந்தாச் செரி, அது எந்தத் தெருவுல இருந்தா என்ன" என்றார் ரங்கசாமி. நாங்களும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு யோசனை சொன்னோம், தகரம் அடிக்கலாம் என்றோம், பெரிய பீரோக்களை வரிசையாக நிறுத்தலாம் என்றோம், சென்னியப்பன் தன் பங்குக்கு, பர்வீன் அனாதையாகிவிடுவாளே என்று ஊரில் எல்லாரிடமும் மூக்கைச் சிந்தினார். ஊரே பேசிய இந்தப் பேச்சு பர்வீன் ஒருத்தி காதுக்குப் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் கவனமாக இருந்தோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

ஒரு சாயங்காலம் சுகந்தி பொந்து வழியாகப் பருப்புக் கிண்ணத்தை நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து கை வரவில்லை. குரல்தான் வந்தது.

"கொத்தனாரு வந்து சுவத்த அளந்துட்டுப் போனாரே, அவருக்குத் தெரியும். ஜோசியருக்குத் தெரியும். பால்காரருக்குக்கூடத் தெரியும். எனக்கு எப்ப புள்ள சொல்லப்போற?"

சுகந்தி கிண்ணத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். "நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"வருத்தந்தான். சுவரு போறதுக்கா? போனாப் போகுது, தார்ப்பாயக் கட்டிக்குவேன். ஏ சுகந்தி, எத்தன பேரு அணி மாறுனாங்க, எத்தன வீடு போச்சு, எங்கூடு ஏன் புள்ள இதுவரைக்கும் ஒரு அடிகூட நகரல? எம்பேரு எந்த டீம்லயும் இல்ல. நான் சொல்லித்தான் நீ டயர் மாத்துற, நான் சொல்லித்தான் நீ பிரேக் புடிக்கிற, ஆனா அந்த லீக்குல நான்னு ஒருத்தி கெடையாது. என்னைய எல்லாரும் சுவருன்னே நெனச்சுட்டீங்க."

சுகந்திக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. சுற்றிப் போகக்கூடப் பொறுமையில்லாமல் பொந்திலேயே முகத்தை வைத்து, "நீ ஓட்டுவியா?" என்று கேட்டாள்.

"நீ ஓட்டும்போதெல்லாம் என்ர காலு தையல் மிசின் பெடல்ல உன்னோடதான் ஓடுது. எத்தன ஜாக்கெட்டு கோணலாப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

மறுநாள் இருவரும் ருக்குமணியிடம் போனார்கள். ருக்குமணி தலையைச் சொறிந்து, தன்னிடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, இன்னொருத்தியைச் சேர்த்தால் இருக்கிற பையனை வெளியேற்ற வேண்டும், அவன் வீடு பாவம் எங்கே போகும் என்றாள், அது நியாயம்தான். திரும்பி வரும் வழியில் பர்வீன்தான் சொன்னாள், நாமே ஓர் அணி தொடங்கினால் என்ன, பெயர்கூட வைத்துவிட்டேன், 'பொதுச்சுவர்'.

இதைக் கேட்டதும் ஊருக்குக் குலை நடுங்கிவிட்டது. வீடுகள் போனதெல்லாம் தெரு உள்ள அணிக்கு. தெருவே இல்லாத அணியில் சேர்ந்தால் வீடு எங்கே போகும்? கிணற்றுக்குள் போகுமா, மேட்டுப்பாளையம் போகுமா, போய்க்கொண்டே இருக்குமா? சென்னியப்பன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். அவர் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. "வேண்டாங் கண்ணு, வெளையாட்டில்ல இது. ஊட்டோட காணாமப் போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? அடுத்த வருசம் ஒனக்கே மொத சீட்டத் தர்றேன்."

"அடுத்த வருசம்னு நீங்க போன வருசமுஞ் சொன்னீங்க மாமா" என்றாள் சுகந்தி. அவளுக்கும் பயம்தான், ஆனால் குளியலறையில் இன்னொரு முறை தண்ணீரைத் திறந்துவிடுவதைவிட வீட்டோடு தொலைந்துபோவது மேல் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பர்வீன் ஒடிசாவுக்குப் போன் போட்டு, "வீடு எங்க போகும்னு தெரியல, போனதும் சொல்றேன்" என்றாள். இப்ராஹிம், "வேம்பு இருக்கற பக்கமாப் போகச் சொல்லு, காத்து வரும்" என்றார்.

மறுநாள் காலை இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். வீடு நகர்வதை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஊர் அசரும் நேரத்தில்தான் அது நகரும், ஆகவே ஊரே விழித்திருந்தால் எதுவும் நடக்காது என்று சென்னியப்பன் ஒரு கணக்குப் போட்டார். எல்லாரும் தெருவில் கூடி உட்கார்ந்தோம், தூங்கமாட்டோம் என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்தோம். ஆனால் கூடியவர்களை வெறும் வயிற்றோடு விடுவது அவர் வம்சத்திலேயே கிடையாது, பெரிய பாத்திரத்தில் பிரியாணி வரவழைத்துவிட்டார், கூடவே தயிர்ப் பச்சடி, கூடவே ஒரு இனிப்பு. இலையை மடித்துவிட்டு நாங்கள் கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது முதலில் எங்கள் கண்ணில் பட்டது அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு துவைக்கிற கல். அடுத்து ஒரு கழிவுநீர்க் குழாய், ஒரு சிறிய ஜன்னல், கொடியில் ரங்கசாமியின் பனியன். வீடுகள் இரண்டும் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே, நடுச்சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றாகத் திரும்பி நின்றிருந்தன. மேட்டுத்தெருவுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத கருவேலங்காட்டுப் பக்கம் வாசலை வைத்துக்கொண்டிருந்தன.

"எனக்கு முதுகக் காட்டிட்டாளுகளே" என்றார் சென்னியப்பன். ஆனால் அவர்தான் முதலில் சுற்றி ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம், முள்ளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், ரங்கசாமி மட்டும் கிழக்கு எது மேற்கு எது என்று புரியாமல் துண்டோடு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைகிறார்.

தெரு என்றால் போக வர ஆள் வேண்டுமல்லவா, நாங்கள் போய்வரத் தொடங்கினோம். பால்காரர் முள்ளை வெட்டி வழி பண்ணினார். கொத்தனார் கல் பரப்பினார். தபால்காரர் ஒன்றும் கேட்காமல் 'பொதுச்சுவர் தெரு' என்று எழுதிக்கொண்டார், அரசாங்கம் மெதுவாக எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். பர்வீனுக்குப் பட்டறையிலிருந்து ஒரு பழைய லாரி சீட்டை சென்னியப்பனே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அவள் முதல் வாரம் எல்லா வளைவிலும் சுவரில் மோதினாள், இரண்டாவது வாரம் பாதி வளைவில் மோதினாள்.

ஆடிக் கடைசியில் வெள்ளோட்டப் பந்தயம். சுகந்தி முன்னால், பின்னால் பழையபடி கௌசிக். மேட்டுத்தெருவிலிருந்து சென்னியப்பன் மைக்கில் "வழி" என்று தொடங்கிவிட்டு, அவள் இப்போது தன் அணியில்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். தனக்கு ஒதுங்காத சுகந்தியின் காரைக் கௌசிக் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தான். இடது பக்கம் நுழையப் பார்த்தான், முடியவில்லை, வலது பக்கம் பார்த்தான், முடியவில்லை, பிரேக்கைத் தாமதமாகப் பிடித்துப் பார்த்து, பம்பரமாகச் சுழன்று புல்லில் போய் நின்றான், கடைசியாக வந்தான். எழுந்து வந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். நேராகப் பொதுச்சுவர் தெருவுக்கு நடந்து போய், "அக்கா, நான் இதுவரைக்கும் செயிச்சதுல எது என்னுது, எது மாமா வாங்கிக் குடுத்ததுன்னு எனக்கே தெரியல. என்னையும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒதுங்க மாட்டோம்" என்றாள் பர்வீன்.

"அதுக்குத்தானுங்கக்கா வந்தேன்."

மறுநாள் மத்தியானத் தூக்கம் முடிந்து சென்னியப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். எதிரே சுகந்தியின் வாசல், பக்கத்தில் பர்வீனின் வாசல், காற்றில் கருவேலம்பூ வாசனை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தார், அதேதான். உப்பும் மஞ்சளும் பாலுமாக இருவரும் வந்தபோது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று முதல் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை.

ஆவணி பிறந்தது, பருவத்தின் முதல் பந்தயம் வந்தது. நாங்கள் எல்லாரும் பொதுச்சுவர் தெருவில் திரை கட்டிப் பார்த்தோம். கண்காணாத ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிப் போக, கடைசிச் சுற்றில் சுகந்தி முதலிலும் கௌசிக் இரண்டாவதிலும் வந்தார்கள், ஒரு கார் நீளம்கூட இடைவெளி இல்லை. பர்வீன் தன் காரில் நடு வரிசையில் எங்கேயோ மும்முரமாக யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பொந்துக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்த சென்னியப்பன் எங்களை விலக்கிக்கொண்டு பர்வீன் வீட்டுக்குள் நுழைந்து, தையல் மிஷினைத் தாண்டிப் போய், சுவரில் கையை ஊன்றிப் பொந்தில் வாயை வைத்தார். இத்தனை வருடமாக அவர் வாயிலிருந்து இந்த நேரத்தில் என்ன வந்திருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவளுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், அவள் தோள் இறுகியதை ஜன்னல் வழியே நாங்கள் பார்த்தோம். கடைசி வளைவு வந்தது. கௌசிக் உள்பக்கம் மூக்கை நுழைத்தான்.

சென்னியப்பன் கழுத்து நரம்பு புடைக்க, தன் சொந்த அக்கா மகனுக்கு எதிராக, தெருவெல்லாம் கேட்கக் கத்தினார்:

"உட்றாத சுகந்தி! உட்றாத கண்ணு, உட்றாத!"